அக்கா வாய் மூடிய நேரங்கள்

பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்குக் காதுதான் கண். பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்தால் எனக்கு ஒரு பயமும் இல்லை. சத்தம் திடீரென்று நின்றால்தான் பயம். ஒருத்தன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பான், இல்லையென்றால் இன்னொருத்தன் பக்கத்தில் இருப்பவன் சட்டையில் வாந்தி எடுக்கத் தயாராக இருப்பான். அதனால் சத்தம் நின்ற உடனே மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்துக்குள் சத்தம் திரும்பி வராவிட்டால் வண்டி ஓரத்தில் நிற்கும்.

அக்கா வண்டியில் ஏறினால் எண்ணுகிற வேலையே இருக்காது. எங்கள் ஊர் சிம்பாங் பூலாயில் கதவைச் சாத்தும்போது ஆரம்பிக்கிற பேச்சு ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கி நடந்துகொண்டே மீதியைச் சொல்வார். நான் வண்டியைப் பூட்டி, பூட்டினேனா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தால், கதையில் இரண்டு பேர் செத்து ஒருத்திக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும்.

சொந்த அக்கா இல்லை. எங்கள் வரிசையில் நாலாவது வீடு. காலைச் சந்தையில் தேங்காய்ப்பால் கடை வைத்திருந்தவர். தேங்காயை உடைத்து, மெஷினில் துருவி, பிழிந்து, பாலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். இதைச் செய்கிற கடை சந்தையில் இன்னும் இரண்டு இருந்தன. ஆனாலும் ஆட்கள் அக்கா கடையில்தான் நிற்பார்கள். சீனத்தியிடம் கன்டனீசில் மருமகளைப் பற்றிக் கேட்பார், மலாய்க்கார அம்மாவிடம் ரெண்டாங் கறியை எத்தனை மணி நேரம் கிளறினாய் என்று விசாரிப்பார், என்னைப் பார்த்தால் நேற்று எதற்குக் கவலைப்பட்டாய், இன்றைக்கு எதற்கு என்பார்.

"வாய் சும்மா இருந்தா கை துருப்பிடிச்சிரும் தங்கச்சி," என்பது அவருடைய வேதவாக்கு. "பேசாம தேங்காப்பால் வித்தா அது கடை இல்ல, ஃபார்மசி."

அந்த வலது கையைத்தான் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் துருவும் மெஷின் எடுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே நாலு விரல் அளவு மிச்சம்.

எப்படிப் போனது என்று யார் கேட்டாலும் அக்காவிடம் புதுப்புது பதில் இருந்தது. என் வேன் பிள்ளைகளிடம் பேராக் ஆற்று முதலை என்றார். ஒன்றாம் வகுப்புக்காரி ஒருத்தி இரண்டு நாள் பாலத்தைத் தாண்டமாட்டேன் என்று அழுதாள். கோயிலில் வந்து துருவித் துருவிக் கேட்ட ஓர் அம்மாளிடம், "இரவல் குடுத்திருக்கேன்மா, திருப்பித் தரேன்னாங்க, இன்னும் ஆளக் காணும்," என்றார். எனக்கு மட்டும் ஒரு தடவை உண்மையைச் சொன்னார். கூட்டம். யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை முடித்துவிட்டுத்தான் கையைப் பார்த்தாராம். அன்றைக்கு முழுக்க நான் எதையும் சாப்பிடவில்லை. அக்கா, தன் மீ கோரிங் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டையும் இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கை பொருத்துகிற பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. டாக்டராக இருந்த மலாய்க்காரப் பொண்ணு ஒருத்தி, மேல்படிப்புக்காகச் செய்துகொண்டிருந்தாள். இரண்டு மாதம் பேட்டரியில் ஓடுகிற கை, இரண்டு மாதம் கொக்கிக் கை. முடிவில், எது அக்காவுக்குச் சரியோ அதை அவரே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் கிடையாது, ஒன்றுதான். வாரம் ஒரு நாள் சோதனைக்குப் போக வேண்டும். காலை நடைக்கும் மதிய நடைக்கும் நடுவில் என் வேன் சும்மாதான் நிற்கும். அப்படித்தான் நான் இதில் மாட்டினேன்.

முதல் நாளே அந்தப் பொண்ணு தெளிவாகச் சொல்லிவிட்டாள். கை எதைத் தூக்குகிறது, எவ்வளவு வேகமாகத் தூக்குகிறது என்பதையெல்லாம் மற்றவர்கள் அளந்துவிட்டார்களாம். அப்படித் தூக்க வைப்பதற்குத் தலை எவ்வளவு பாடுபடுகிறது என்பதைத்தான் அவள் அளக்கப் போகிறாள். சில கை நன்றாக வேலை செய்யும், ஆனால் சாயங்காலத்துக்குள் ஆளின் மூளையைப் பிழிந்துவிடும், கடைசியில் அது அலமாரிக்குள் போய்விடும் என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "தல உழைக்கிறத அளக்கிற மெஷினாம். உனக்கு மாட்டுனா வெடிச்சிரும் லா."

சோதனை வேடிக்கையாக இருக்கும். நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி. ஒரு பக்கம் கிடக்கிற கட்டைகளைச் செயற்கைக் கையால் எடுத்து மறுபக்கம் போட வேண்டும். அதே நேரத்தில் காதில் மாட்டிய கருவியில் பீப் பீப் என்று சத்தம் வரும். உயரமான பீப் எத்தனை வந்தது என்று மனதுக்குள் எண்ணி, கடைசியில் சொல்ல வேண்டும். கைக்கே தலை முழுக்கச் செலவானால் பீப் தப்பிப்போகும். அதுதான் சூட்சுமம். அக்கா எல்லா வாரமும் இருபது என்றார். சில வாரம் இருபதாகவும் இருந்தது.

இது போக, தலையில் நீச்சல் தொப்பி மாதிரி ஒன்று, அதிலிருந்து ஏகப்பட்ட வயர். முதல் வாரம் தொப்பி ஒன்றுமே காட்டவில்லை. பொண்ணு வயரை மாற்றினாள், கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள், யாருக்கோ போன் செய்தாள். பிறகு அக்காவின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மோந்து பார்த்தாள். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அக்கா அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய் தேய்த்து வழித்துச் சீவியிருந்தார். அடுத்த வாரம் எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னாள்.

"எண்ண வைக்காம வெளிய கிளம்பறதா? எளவு வீட்டுக்கா போறோம்?" என்று வழி முழுக்கப் புலம்பினார். எண்ணெய் வைக்கவில்லை என்று சத்தியமும் செய்தார். தொப்பியைக் கழற்றியபோது உள்ளே பளபளவென்று இருந்தது. "லேசாத்தான்," என்றார். தொப்பியின் கணக்கு கடைசிவரை அரைகுறையாகத்தான் கிடைத்தது.

அதனால் அந்தப் பொண்ணு பெரும்பாலும் நம்பியது காகிதத்தை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஒரு தாள் கொடுப்பாள். அதில் ஒரு நீளக் கோடு. ஒரு முனையில் சுலபம், மறுமுனையில் கஷ்டம். மலாயில் செனாங், சூசா. தலைக்கு எவ்வளவு பாரமாக இருந்ததோ அந்த இடத்தில் கோட்டைக் குறுக்கே கீறினால் போதும். அக்கா கோட்டையே பார்க்காமல் செனாங் பக்கத்து ஓரத்தில் ஒரு கீறு போட்டுவிட்டு, கொண்டுவந்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை அவள் மேசையில் வைப்பார். பேட்டரி கைக்கும் அதே கீறு. கொக்கிக்கும் அதே கீறு. பேட்டரிக்கு இன்னும் கொஞ்சம் ஓரமாக, ஏனென்றால் அதைக் கொடுக்கும்போது அந்தப் பொண்ணு அவ்வளவு பெருமையாகக் கொடுத்தாள்.

பேட்டரி கை பார்க்க அழகுதான். தோல் நிறத்தில் உறை, விரல், நகம் எல்லாம் உண்டு. அக்கா நகத்துக்குச் சிவப்புச் சாயம் கூடப் பூசிவிட்டார். மிச்சமிருக்கிற கையின் தசையை இறுக்கினால் விரல் மூடும், வேறு மாதிரி இறுக்கினால் திறக்கும். ஆனால் அது மூடிவிட்டதா, எவ்வளவு அழுத்துகிறது என்று கைக்குத் தெரியாது. கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதை மாட்டிக்கொண்டு முதல் முறை என் வண்டியில் வந்தபோது, யாரோ ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி தீர்ந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப அந்த மாப்பிள்ள வீட்டு ஆளு வந்து..." என்றவர் நிறுத்திவிட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. என் கை தானாகச் சிக்னல் போட்டு வண்டியை ஓரம் கட்டியது.

"ஏன் நிறுத்துற?"

"நீங்க பேசலையேக்கா."

"தண்ணி போத்தலப் புடிக்கிறேன் லா. ஓட்டு."

அதற்குப் பிறகு கவனித்தேன். கவனிக்காமல் இருக்க என்னால் முடியாது. அந்தக் கை எதையாவது பிடிக்கும்போதெல்லாம் அக்காவின் பேச்சு நின்றது. போத்தலுக்கு ஆறு. கைப்பை ஜிப்புக்கு ஒன்பது. ரம்புத்தான் பழம் உரித்தபோது பதினாலுவரை போனது, கதை எங்கே விட்டது என்றும் மறந்துவிட்டார். அக்கா கதையில் இடம் மறந்து நான் பார்த்ததே இல்லை. எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

கொக்கி முதலில் இன்னும் மோசம். தோளில் வார் மாட்டி, தோளை அசைத்தால் கம்பி இழுத்துக் கொக்கி திறக்கும், விட்டால் ரப்பர் வளையங்கள் அதை மூடிவிடும். அக்குளில் வார் அறுத்தது. என் வேன் பிள்ளைகள் கடற்கொள்ளைக்காரி என்றார்கள். அக்கா ஒரு கண்ணை மூடிக் காட்டினார். அக்காவின் அப்பா அம்மா இரண்டு பேரும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய ஆட்கள். "அவுங்கள ரப்பர் விடல, இப்ப என்னையும் புடிச்சிருச்சு பாரு," என்று வளையத்தைச் சுண்டிக் காட்டுவார்.

மூன்றாவது வாரம் போத்தலுக்கு நாலு. ஐந்தாவது வாரம் இரண்டு. ஏழாவது வாரம் ஒருநாள், எதிர்வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே கொக்கியால் பையின் வாயைப் பிடித்து, இடது கையால் ரப்பர் பேண்டைச் சுற்றி முடித்தார். திட்டில் ஓர் எழுத்துக்கூட விடுபடவில்லை. எப்படிக்கா என்று கேட்டேன். "இதப் பாக்க வேணாம் தங்கச்சி. எவ்ளோ தொறந்திருக்குன்னு தோளுக்குத் தெரியுது. அந்தப் பேட்டரிக்காரி அப்படியா? வீட்டுக்குப் புதுசா வந்த மருமக மாதிரி, கண்ணெடுத்தா எதையாவது போட்டு ஒடைப்பா."

அப்போதே சொன்னேன், அப்படியானால் காகிதத்தில் அதைக் கீறுங்கள் என்று. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ விருந்து வீட்டில் சோற்றைக் குறை சொன்ன மாதிரி இருந்தது. "அந்தப் புள்ள ராப்பகலா படிக்குது. அது குடுத்த கையப் போய் சூசான்னு எழுதுனா அது பேரு என்னத்துக்கு ஆகும்? பாஸ் பண்ணட்டும்."

சந்தையில் அக்காவின் கடை இடத்தை நோன்பு மாதம் தொடங்கும்வரைதான் வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். பெருநாளுக்குத் தேங்காய்ப்பால் கேட்டு வரிசை நிற்கும். அந்த வரிசைக்கு முன்னால் அக்கா பேட்டரி கையோடு வாய் மூடி நிற்பதை நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

கடைசிச் சோதனை நாளன்று அந்தப் பொண்ணு தாள்களையெல்லாம் அடுக்கி வைத்துச் சிரித்த முகத்தோடு சொன்னாள். மக்சிக், அதாவது அத்தை, எழுதியபடி பார்த்தால் பேட்டரி கைதான் தலைக்குப் பாரமே இல்லை, அதையே வைத்துக்கொள்ளலாம், கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்காவும் சிரித்தார். "தெரிமா காசே," என்று நன்றி சொன்னார். இடது கை மட்டும் கொக்கியின் ரப்பர் வளையத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டவள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் முன்னால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். அன்றைக்கு எழுந்து நின்றேன். நாற்காலி சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தி வைத்தேன், மறுபடியும் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"டாக்டர், அந்தக் காகிதம் பொய் சொல்லுது. இவங்க பேச்ச எண்ணுங்க."

அக்கா தமிழில் பல்லைக் கடித்தார். "உக்காரு புள்ள."

உட்காரவில்லை. வேனில் எண்ணியதைச் சொன்னேன். போத்தலுக்கு ஆறு, ஜிப்புக்கு ஒன்பது, ரம்புத்தானுக்குப் பதினாலு. அந்தப் பொண்ணு சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். நான் மேசை மேல் இருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே ஓட்டோடு இருந்த அவித்த முட்டையை எடுத்து வைத்தேன். பேட்டரி கையால் இதைப் பிடித்து இடது கையால் உரிக்கட்டும், அதே நேரம் முதலைக் கதையைச் சொல்லட்டும் என்றேன்.

அக்கா ரோஷக்காரர். பேட்டரி கையை மாட்டிக்கொண்டு, என்னை முறைத்துக்கொண்டே, மலாயில் கதையை ஆரம்பித்தார். பேராக் ஆறு, மழைக்காலம், முதலை. கை முட்டையைத் தொட்டது. கதை நின்றது. பொண்ணு கடிகாரத்தைப் பார்த்தாள். நான் மனதுக்குள் பன்னிரண்டுவரை போனேன். அது அக்காவுக்கே உறைத்துவிட்டது. பேசிக் காட்டுகிறேன் பார் என்று, முதலையின் வாலையும் பல்லையும் வேகவேகமாக வர்ணிக்க ஆரம்பித்தார். பொளக் என்று ஒரு சத்தம். மஞ்சள் கரு மேசை மேல் கிடந்த தாள்களிலும் அந்தப் பொண்ணு தலையில் சுற்றியிருந்த தூடோங் துணியின் ஓரத்திலும் தெறித்தது. பேசாமலிருந்தால் முட்டை பிழைக்கும், பேசினால் முட்டை போகும். இரண்டும் சேர்ந்து பிழைக்க அந்தக் கையில் வழி இல்லை.

இன்னொரு பொட்டலம் எனக்கென்று வைத்திருந்தது. அக்கா கொக்கியை மாட்டிக்கொண்டு அதிலிருந்த முட்டையைப் பிடித்தார். முதலை கரையேறியது, கடித்தது, கையைத் துப்பிவிட்டு உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. முட்டை வழுவழுவென்று உரிந்து நின்றது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் இரண்டு எண்ணினேன். அதுகூட ஓடு சிக்கியதற்கு.

அந்தப் பொண்ணு தூடோங்கைத் துடைக்காமல் உட்கார்ந்து, ஏன் மக்சிக் இப்படி எழுதினீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா முட்டையைப் பார்த்துக்கொண்டே காரணத்தைச் சொன்னார். நீ பாஸ் பண்ண வேண்டாமா?

"எல்லாரும் செனாங்னு எழுதினா நான் எதைக் கண்டுபிடிச்சேன்னு எழுதறது மக்சிக்? அப்பதான் ஃபெயில்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு இடது கையை நீட்டி, "குடு, எல்லாத்தையும் மாத்திப் போட்டுத் தரேன்," என்று பேனாவைப் பிடுங்கப் போனார். அவள் தாள்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். எழுதினது எழுதினதுதானாம். மேலே இருக்கிறவர்களிடம் கேட்டு இன்னும் இரண்டு வாரம் சோதனை வைக்கிறேன், இனிமேல் உண்மையைக் கீறுங்கள் என்றாள். போகும்போது என்னிடம் அந்த எண்ணிக்கைகளை மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள். கைதட்டு வாங்கின பிள்ளை மாதிரி எனக்கு வியர்த்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் அக்கா பேசவில்லை. ஐந்து தாண்டியது. இருபது தாண்டியது. ஓரம் கட்டவும் பயம், ஓட்டவும் பயம். சபையில் மானத்தை வாங்கிவிட்டேன், இனி நாலாவது வீட்டு வாசலில் எனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். சிம்பாங் பூலாய் விளக்கில் சிவப்பு விழுந்தது.

"எத்தன?" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"எண்ணிக்கிட்டுத்தானே வர? எத்தன ஆச்சு?"

"எழுநூத்தி நாப்பது."

அக்கா கொக்கியையும் கையையும் தூக்கிக் காட்டினார். இரண்டும் காலி. "இது கைப் பாரம் இல்ல, கோவம். இதையும் அந்தப் புள்ளகிட்ட குடுத்துராத." விளக்கு பச்சையாவதற்குள் எதிர்வீட்டுக்காரன் கதைக்குப் போய்விட்டார்.

கொக்கிதான் கிடைத்தது. நோன்புக்கு நாலு நாள் முன்னால் கடை திறந்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில் கொக்கியைப் பார்த்தார்கள், பிறகு பேச்சில் அதை மறந்தார்கள். நான் மட்டும் துருவும் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "போய் உன் வண்டியப் பூட்டிருக்கியான்னு பாரு," என்று விரட்டுவார்.

இரண்டு பெருநாள் இங்கே வியாபாரம் செய்தார். பிறகு பாகான் டத்தோவில் தம்பியின் தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே காலையில் நாசி லெமாக் கடை. அவர் பெயரைப் போட்டு இதை எழுதினால் பஸ் ஏறி வந்து கொக்கியாலேயே ஒன்று வைப்பார், அதனால் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்.

போன ஞாயிறு முக்கால் மணி நேரம் பேசினார். தம்பி மனைவி, தென்னைக்கு வந்த வண்டு, பக்கத்துக் கடைக்காரியின் வாய். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான் ஒன்றுகூட எண்ணவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இவ்வளவு நேரம் பேச்சு தடைப்படவில்லை என்றால் கை எதையுமே தொடவில்லை என்றுதானே அர்த்தம்? கொக்கி உடைந்துவிட்டதா? உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாரா? எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்களா?

"அக்கா, கை சும்மாவா இருக்கு?"

"சும்மாவா? போன எடுத்ததுலேருந்து நாப்பது முட்ட உரிச்சிட்டேன் லா. ஒண்ணுகூட ஒடையல."

எனக்குப் பேச வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வேன் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம் அக்கா நிதானமாக எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஏழுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, கையில எதைப் புடிச்சிருக்க?"